வசுமதியின் கணினி

அழிப்பதற்கு அந்தக் கணினியில் ஒன்றுமே இல்லை.

நேத்ராவதி திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள். ஐந்து வருடம் ஒரு பெண் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகையும் யட்சகானக் கூத்து நோட்டீசும் பஞ்சாயத்து மனுவும் தட்டச்சடித்துக் கொடுத்த இயந்திரம் அது. உள்ளே குப்பையாகக் குவிந்திருக்க வேண்டும். இருந்ததோ வெறும் நீலப் பின்னணியும், ஓரத்தில் குப்பைத் தொட்டிப் படமும், அதன் கீழே 'வசு' என்ற பெயரில் ஓர் ஒலிக்கோப்பும்தான். நீளம் முப்பத்தெட்டு நிமிடம். தேதியைத் தேடிப் பார்த்தாள். இயங்குதளமே நேற்றுக் காலைதான் ஏற்றப்பட்டிருந்தது.

"மேஷ்ட்ரே, இது புதுசாத்தானே இருக்கு? நேத்துதான் யாரோ ஓ.எஸ். போட்டிருக்காங்க."

பின்னால் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த தினகர் மேஷ்ட்ரு செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஹைஸ்கூலில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை மேஷ்ட்ரு என்றே கூப்பிட்டது.

"நான்தான் போட்டேன். போன்ல பாத்துப் பாத்து. சரியா வரல. நீ போடு தங்கச்சி. சுத்தமாத் தொடைச்சிட்டுப் போடு. நம்ம ஸ்கூலுக்குக் குடுக்கப் போறேன். வசுமதி ஞாபகமா."

"இந்த ஒரு ஃபைல்தான் இருக்கு. அக்காவோடதா? வேணும்னா தனியா எடுத்து வெக்கட்டுமா?"

"வேண்டாம்."

அந்தச் சொல் வந்த வேகத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். மேஷ்ட்ரு சிரித்தார். "போனவளோட குரலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லு. கேட்டா அழுகைதான் வரும்."

மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனாலும் அறையில் விளக்குப் போட்டிருந்தது. நான்கு நாளாக மலைநாட்டில் விட்டு விட்டுப் பெய்யாமல், ஒரே மூச்சாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுக்கூரையின் மேல் விழும் மழை முதலில் இரைச்சலாகக் கேட்டு, பிறகு காதுக்குப் பழகி, பிறகு அதற்குள்ளேயே வேறு வேறு சத்தங்கள் இருப்பது போலத் தோன்றத் தொடங்கியிருந்தது. மூலையில் அடுக்கியிருந்த பாக்கு மூட்டைகளிலிருந்து புளித்த புகை வாசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே தோட்டத்துப் பாக்கு மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவை போல ஆடாமல் நின்றன.

இந்தக் கணினியை மேஷ்ட்ருவின் மனைவி வசுமதிக்கு விற்றதே நேத்ராவதிதான். சாகரம் டவுனில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவளுடைய கடைக்கு வசுமதி மாதம் ஒரு முறையாவது வந்துவிடுவாள், மை வாங்க, எழுத்துரு ஏற்றிக்கொள்ள, சும்மா உட்கார்ந்து சிரித்துப் பேச. போன மழைக்காலத்தில் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது வெள்ளம் அவளை இழுத்துப் போய்விட்டது என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. மேஷ்ட்ரு கரையில் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று ஊரே சொல்லிச் சொல்லி இரங்கியது. நேத்ராவதியும் துக்கம் கேட்க வந்து இந்தக் கட்டிலருகேதான் நின்றிருந்தாள்.

பென் டிரைவைச் செருகி இயந்திரத்தை மறுபடி தொடக்கினாள். வட்டின் பகுதிகளைத் திரை வரிசையாகக் காட்டியது. முதல் பகுதியை அழித்தாள்.

உள்ளறையில் ஏதோ ஒன்று சுவரில் மோதியது. தேங்காய் விழுந்தது போல, ஆனால் கொஞ்சம் ஈரமாக.

"உள்ள யாரும் இருக்காங்களா?"

"யார் இருக்கா? பெருச்சாளி." மேஷ்ட்ரு பக்கத்தைப் புரட்டினார். "நீ வேலையப் பாரு."

இரண்டாவது பகுதி. மறுபடி அந்த மோதல். இந்த முறை மேஷ்ட்ரு செய்தியைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். லிங்கனமக்கி அணையின் நீர்மட்டம். தீர்த்தஹள்ளிப் பக்கம் மண்சரிவு. யாருக்காக வாசிக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. மூன்றாவது பகுதியையும் அழித்து, பழையது எதுவும் மிஞ்சாதபடி வட்டு முழுவதையும் சுழியத்தால் நிரப்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சின்ன வட்டுதான். ஆனாலும் முக்கால் மணி நேரம் பிடித்தது. வட்டு சுழலும் ரீங்காரம் மழைக்கு அடியில் ஒரு கொசுவைப் போல ஓடிக்கொண்டே இருந்தது.

"கஷாயம் குடிக்கிறியா?"

"சரி மேஷ்ட்ரே. வெல்லம் கம்மியா."

"வசுமதியும் இப்படித்தான். வெல்லத்த அளந்து போடுவா." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "முடிஞ்சதும் எனக்குக் குரல் குடு. நான் வர்ற வரைக்கும் எதையும் தொறக்காத."

புதிய இயங்குதளம் ஏறி முடிந்தது. நீலப் பின்னணி வந்தது. குப்பைத் தொட்டி வந்தது.

அதன் கீழே, 'வசு'.

நேத்ராவதியின் கை சுட்டியின் மேலேயே நின்றுவிட்டது. பதினான்கு வருடத்தில் எத்தனையோ வட்டுகளைத் துடைத்திருக்கிறாள். சுழியம் நிரப்பிய வட்டில் எதுவும் திரும்பி வராது. வர முடியாது. பென் டிரைவை எடுத்துப் பார்த்தாள், அவளுடையதுதான். இணைய வயர் இல்லை. கோப்பின் நீளத்தைப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு நிமிடம்.

முன்பு முப்பத்தெட்டு.

மேசைக்கு அடியில் இரண்டு சின்ன ஒலிபெருக்கிகள் பிடுங்கிப் போடப்பட்டுக் கிடந்தன. சமையலறையில் பாத்திரம் உருண்டது. அவள் குனிந்து வயரைச் செருகி, ஒலியை நன்றாகக் குறைத்து, கோப்பைத் திறந்தாள்.

அடி விழும் சத்தம்.

தரையில் எதையோ அறைவது. ஒரே சீரான இடைவெளியில். நடுநடுவே வசுமதியின் குரல், முதலில் "வேணாம்" என்று, அப்புறம் வார்த்தை இல்லாமல், அப்புறம் மூக்கிலிருந்து நீர் கொப்பளிப்பது போல. கூடவே ஓர் ஆண் மூச்சு வாங்கிக்கொண்டே, வகுப்பில் தப்புக் கணக்குப் போட்டவனைக் கேட்பது போல, நிதானமாகக் கேட்டது: "எதுத்துப் பேசுவியா? இன்னும் ஒரு வாட்டி சொல்லு. எதுத்துப் பேசுவியா?" குரல் நின்ற பிறகும் அறைவது நிற்கவில்லை. அவள் எண்ணினாள். பதினேழு.

இந்தக் கணினிக்கு மைக் கிடையாது. அவளே விற்றது. கிடையாது.

வியர்த்த விரலால் பதிவை முன்னே தள்ளினாள். மண்வெட்டி. ஈர மண்ணை வாரிப் போடும் சத்தம். இன்னும் தள்ளினாள். மழை மட்டும். வெகுநேரம் மழை மட்டும், ஆனால் மேலிருந்து கேட்கும் மழை இல்லை, கனமான எதற்கோ அடியிலிருந்து கேட்கும் மழை. அதற்குள் ஒரு பிராண்டல். வேர்கள் ஒவ்வொன்றாக அறுபடுவது. பிறகு மழை சட்டென்று தெளிவாகக் கேட்டது. திறந்த வெளியில் கேட்பது போல.

காலடி. சேற்றில் அழுந்தி அழுந்தி எழும் காலடி.

இன்னும் தள்ளினாள். காலடி இப்போது கல் படியில். மரத்தரையில். ஓட்டின் மேல் விழும் மழை. இந்த ஓடு. இந்த மழை. அதன் நடுவே ஒரு பெண்ணின் குரல் வெகு அருகிலிருந்து, தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டது போலப் பதிவாகியிருந்தது:

"சரி மேஷ்ட்ரே. வெல்லம் கம்மியா."

அவளுடைய சொந்தக் குரல்.

நேத்ராவதி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பிடரியில் மண்வாசனை பட்டது. ஆழத்திலிருந்து வாரிய மண். குளிர்ந்தது. பதிவில் காலடி அவளை விட்டு விலகி, நிதானமாக நடந்து, சமையலறைப் பக்கம் போனது. பித்தளைத் தம்ளர் எதிலோ இடிபடும் சத்தம். பதிவில். அதே கணம் சமையலறையிலும்.

பிறகு ஒலிபெருக்கியில் மேஷ்ட்ரு அலறினார்.

மனிதத் தொண்டை அப்படிக் கிழியும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் பதறி நிமிர்ந்தாள். வாசற்படியில் மேஷ்ட்ரு நின்றுகொண்டிருந்தார். கையில் ஆவி பறக்கும் தம்ளர். உதடுகள் மூடியே இருந்தன. ஒலிபெருக்கியில் அவர் இன்னும் அலறிக்கொண்டே இருந்தார்.

"அது... நான் இல்ல," என்றார். "இது போன வாட்டி இல்லையே."

தம்ளர் கீழே விழுந்தது.

"பதினோரு தடவை அழிச்சேன். பதினோரு தடவை! மொதல்ல ரெண்டு நிமிஷம்தான் இருந்துச்சு. தொடைக்கத் தொடைக்க நீளுது. நீ படிச்சவ, நீ போட்டாப் போயிடும்னு நெனச்சேன்." அவர் முகத்தில் இருந்த மேஷ்ட்ரு போய்விட்டிருந்தார். "எவ்ளோ கேட்ட?"

"ஒண்ணும் கேக்கல மேஷ்ட்ரே."

"பொய் சொல்லாதடி!"

பாய்ந்து வந்து அவள் பின்கழுத்தைப் பிடித்தார். அவள் முகத்தை மேசையில் அறைந்தார். பல் உடைந்தது. வாய் முழுக்க உப்பும் இரும்பும். மறுபடி தூக்கினார். மறுபடி அறைந்தார். அதே இடைவெளி. அதே நிதானம். அவள் விரல்கள் விசைப்பலகையைப் பற்றின, வழுக்கின. "எதுத்துப் பேசுவியா?" என்று கேட்டது ஒலிபெருக்கியா, அவரா, அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முறை தூக்கினார்.

அறையவில்லை.

கழுத்திலிருந்த பிடி விட்டது. ஒவ்வொரு விரலாக. பிரித்து எடுக்கப்படுவது போல. ஒவ்வொன்றும் முறியும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியோடு சரிந்து, சுவரோரமாக ஊர்ந்து, பாக்கு மூட்டையில் முதுகு முட்டும் வரை போனாள்.

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. ஒலிபெருக்கியில் வந்த அலறலும் வாயில் வந்த அலறலும் ஒரு நொடி முன்பின்னாக ஓடி, நெருங்கி, ஒன்றாகின.

அவர் தலை பின்னுக்கு வளைந்தது. கால்கள் தரையை உதைத்தன. முகம் மரத்தரையை நோக்கி இறங்கியது.

அறை.

அறை.

அறை.

அவள் எண்ணவில்லை. பதினேழைத் தாண்டியது. கால்கள் உதைப்பதை நிறுத்தின. அது நிறுத்தவில்லை. பதிவிலும் அதே சத்தம், அதே இடைவெளி, அறையெங்கும் இரட்டிப்பாக. அவள் திரையைப் பார்த்தாள். பதிவின் நீளம் இப்போது நான்கு மணி நேரம் என்று காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தானது.

கையால் தரையைத் துழாவி யூ.பி.எஸ்.ஸின் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். திரை இருண்டது. ஒலிபெருக்கி அடங்கியது.

அறைக்குள் இருந்த சத்தம் அடங்கவில்லை.

மேஷ்ட்ருவின் நரைத்த முடி, யாரோ ஒரு பிடியாகப் பற்றியது போல, உச்சியில் கொத்தாக எழுந்து நின்றது. தலை மெல்ல உயர்ந்தது. கண் எது, வாய் எது என்று தெரியாத ஒன்று, சொட்டிக்கொண்டே, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு நேத்ராவதியின் பக்கமாகத் திருப்பப்பட்டது. அவள் நன்றாகப் பார்க்கும் வரை அப்படியே காட்டப்பட்டது.

பிறகு தரைக்கு இறங்கியது. மறுபடி எழுந்தது.