சந்தியில் வைத்த சாப்பாடு

எங்கள் வேன், அன்றிரவு தங்கவிருந்த பழைய பண்ணை வீட்டு முற்றத்தில் போய் நின்றபோது பின்னேரம் நான்கு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈர வைக்கோலும் மாட்டுச் சாணமும் கலந்த மணம். பத்திநாதர் சாவியைத் திருகி வேனை நிறுத்தினார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

என் பக்கத்தில் வந்திருந்து கேளுங்கள், பிள்ளைகளே. அந்த நேரம் நானும் பயப்படவில்லை. சாப்பாட்டை நினைத்துக் கவலைப்பட்டதுதான்.

மன்னாரில் காலிழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் பூட்டக் காசு சேர்ப்பதற்காக, பாரிஸ் லா சப்பலிலிருந்து தியெப் கடற்கரை வரைக்கும் நாலு நாள் சைக்கிள் ஓட்டம். ஓடியவர்கள் மூன்று சிநேகிதர்கள். ஸ்ரீபன், லா சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன். ஹரிப்பிரியா, இங்கேயே பிறந்தவள், வங்கியில் வேலை. மூன்றாவது ஆள் கரிகாலன். சென் தெனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அங்கேயே சமையலுக்குத் தலைவன். சமையல் எனக்கும் வேன் பத்திநாதருக்கும் என்று பங்கு பிரித்திருந்தோம்.

கரிகாலனின் மனைவி கோசலைக்கு ஏழு மாதம். புறப்பட்ட காலை மெத்ரோ வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, இவரை முழுசாக் கொண்டுவந்து தாங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினேன்.

எங்கள் ஒழுங்கு இதுதான். வேன் முன்னே போகும். மத்தியானச் சாப்பாட்டை வழியில் ஒரு சந்தியில், மழை படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, நாங்கள் தங்குமிடத்துக்குப் போய்விடுவோம். முதல் நாள் அது சரியாக நடந்தது. இரண்டாம் நாள் பத்திநாதர் பாதையை விட்டுவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தும் அந்தச் சந்தி கிடைக்கவில்லை. மூன்று பேருக்கும் பாண் துண்டு வெட்டிச் செய்த சாப்பாடு அப்படியே பெட்டிக்குள் கிடக்க, அந்தப் பண்ணை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஐந்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஸ்ரீபனும் ஹரிப்பிரியாவும் பசியில் பேசவில்லை. ஸ்ரீபனின் சில்லுக்குக் காற்றுப் போய், இருவரும் பின்தங்கிவிட்டார்களாம். கரிகாலன் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தான்.

"அன்ரி, புட்டெண்டா அதுதான் புட்டு. மீன் குழம்பும் முட்டைப் பொரியலும். ஆவி பறக்குது. அதுக்குள்ளை ஒரு சிகரெட் பெட்டி வேறை. நான் விட்டு ஒரு வருசம், உங்களுக்கு என்ன பகிடி?"

வழியில் ஒரு சந்தியில் நின்ற சிலுவைக் கல்லுக்குக் கீழே, வாழையிலையில் சுற்றி இருந்ததாம். ஒரு பொதிதான். முதலில் வந்தவன் அவன். மற்றவர்களுடைய பங்கு வேனில் இருக்கும் என்று நினைத்து, இலையை வழித்துச் சாப்பிட்டிருக்கிறான்.

நான் பாண் பெட்டியைத் திறந்து காட்டினேன்.

"தம்பி, நான் புட்டு அவிக்கேல்லை."

அவன் சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நின்றது.

அன்று இரவுச் சாப்பாட்டில் தன் பங்கைச் சாப்பிட்டான். பிறகு பத்திநாதரின் பங்கை. பிறகு அந்தப் பாண் எல்லாவற்றையும். வெட்கத்தோடு, தலை நிமிராமல் சாப்பிட்டான். சாப்பிடச் சாப்பிட வயிறு காலியாகிக்கொண்டு போகிறது என்றான். சூப் கோப்பைக்கு மேலே கை நீட்டியபோது கல்யாண மோதிரம் விரலிலிருந்து கழன்று அதற்குள் விழுந்தது. காலையில் அந்த மோதிரத்தைச் சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியவில்லை என்று சொன்னவன் அவன்.

அவன் எழும்பி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் கோசலை என் தொலைபேசிக்கு எடுத்தாள்.

"அன்ரி, இவரோடை இப்பதான் கதைச்சனான். பக்கத்திலை ஆர் இருக்கிறது?"

ஒருவரும் இல்லையே, அறைக்குள் தனியாகத்தானே இருந்து பேசினான் என்றேன்.

"இல்லை அன்ரி. ஆரோ சாப்பிடுற சத்தம் கேட்டது. இவர் கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே கேட்டது."

அடுத்த நாள் காலை தூறலோடு புறப்பட்டார்கள். நானும் பத்திநாதரும் பக்கத்து ஊர்ப் பாண் கடை வாசலில் காத்து நின்றோம். அரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்தார்கள். கரிகாலனின் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. காற்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தான். ஸ்ரீபன் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

அவன் சொன்னது இது. வழி முழுக்கக் கரிகாலனுக்குப் பின்னால் ஓடியவன் அவன்தான். ஹரிப்பிரியா அவனுக்கும் பின்னால். ஈரத் தெருவில் கரிகாலனின் சில்லுக் கோடு அவனுக்கு முன்னால் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடும் இருந்தது. அது கரிகாலனோடு ஒட்டி ஒட்டிப் போனது. கரிகாலன் ஒதுங்கினால் அதுவும் ஒதுங்கியது.

"எங்களுக்கு முன்னாலை வேறை ஒருத்தரும் போகேல்லை அன்ரி. நான் மாதா மேலை சத்தியமாச் சொல்லுறன்."

பாண் கடைக்காரி எங்களைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, துக்கம் விசாரிப்பது போல மெதுவாகப் பேசினாள். செத்தவர் உங்கள் உறவா என்று கேட்டாள். காளான் பண்ணையில் வேலை செய்த உங்கள் நாட்டு மனிதர், மெலிந்த ஆள், தினமும் சைக்கிளில் போவார், சிலுவைச் சந்தியில் லொறி அடித்தது என்றாள். முந்தநாள் பின்னேரம் பாரிஸிலிருந்து நாலு பேர் வந்தார்களாம். கல்லுக்குக் கீழே ஏதோ பொதியை வைத்துவிட்டு, ஒருவரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் காருக்குப் போனார்களாம். அதுதான் அவளுக்குப் புதினமாக இருந்தது.

செத்து எத்தனை நாள் என்று கேட்டேன். அவள் விரலை மடித்து எண்ணினாள்.

முந்தநாளோடு எட்டு.

நான் வேதக்காரி. ஆனாலும் ஊரில் எங்கள் வேலிக்கு அங்காலே சைவ வீடுகளில் நடந்ததெல்லாம் பார்த்து வளர்ந்தவள். எட்டாம் நாள், எட்டுச் செலவு என்று, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். பிறகு சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் வழியே போகவேண்டும்.

அவருடைய சாப்பாட்டைக் கரிகாலன் சாப்பிட்டுவிட்டான். அவர் எப்படிப் போவார்?

பண்ணை வீட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனோம். கடைசி நாளைக்கென்று வைத்திருந்த மாவைக் குழைத்து, துணியில் கட்டிப் புட்டு அவித்தேன். மீன் குழம்பு, முட்டைப் பொரியல். சிகரெட்டைப் பத்திநாதர் ஓடிப்போய் வாங்கி வந்தார். கரிகாலன் குசினி வாசலில் குந்தியிருந்தான். புட்டைப் பார்க்காமல் முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருந்தான், பாவம். தொட்டுவிடுவேன் அன்ரி, கையைக் கட்டுங்கோ என்றான்.

சந்திக்குப் போனபோது உச்சி நேரம். வெயில் இல்லை. நாலு பக்கமும் சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. காற்றில்லை, பறவையில்லை. சிலுவைக் கல்லைத் தாண்டி ஐம்பது அடி தள்ளி, கல் எங்களுக்குப் பின்னால் இருக்கும்படி வேனை நிறுத்தினோம். அவன்தான் கொண்டுபோய் வைக்கவேண்டும். வைத்துவிட்டு நேரே வா, என்ன கேட்டாலும் திரும்பாதே என்று சொல்லி அனுப்பினேன். வேனுக்குள் இருந்தவர்களையும் முன்னால் பார்க்கச் சொன்னேன். ஹரிப்பிரியா கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

அவன் காலடி போனது.

நின்றது.

பொதியை வைக்கும் சத்தம்.

காலடி திரும்பி வரத் தொடங்கியது.

அதோடு ஒரு சைக்கிள் சங்கிலியின் சத்தமும். கிறிக், கிறிக், கிறிக். யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனோடு நடப்பது போல.

புட்டும் மீனும் மணக்கவேண்டிய இடத்தில் ஈரமண் மணத்தது.

பிறகு ஒரு குரல். கோபமே இல்லாத குரல், பிள்ளைகளே. எங்கள் ஊர்க் குரல். களைத்த குரல்.

"தம்பி, என்னைத் தனிய விட்டிட்டுப் போறியோ?"

கரிகாலனின் காலடி நின்றுவிட்டது.

அவன் இரக்கமானவன். திரும்பிவிடுவான் என்று எனக்குத் தெரியும். கோசலை என் கையைப் பிடித்த பிடி கையிலேயே இருந்தது. திரும்பிவிட்டானா என்று எப்படி அறிவது? நான் தலையைத் திருப்பவில்லை. கதவுக்கு வெளியே இருந்த கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

கண்ணாடியில் கரிகாலன் எங்களை நோக்கித்தான் நின்றான். கண்ணை இறுக்க மூடி, தாரை தாரையாக அழுதுகொண்டு.

அவனுடைய தோளுக்குப் பின்னால் அந்த மெலிந்த மனிதர்.

அவர் கரிகாலனைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"வா ராசா," என்றேன். "நடந்து வா."

கரிகாலன் வந்து ஏறினான். கதவைச் சாத்தியதும் பத்திநாதர் வேனை எடுத்தார். கொஞ்சத் தூரம் போனதும் கரிகாலன், பசி போய்விட்டது அன்ரி என்றான். அப்படியே ஹரிப்பிரியாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். நாலாம் நாள் மூவரும் தியெப் கடலில் கால் நனைத்தார்கள். சொன்னபடியே அவனை முழுசாகக் கொண்டுபோய்க் கோசலையின் கையில் கொடுத்தேன். பெண் பிள்ளை பிறந்திருக்கிறாள், கொழுகொழுவென்று.

கண்ணாடியில் பார்த்ததும் திரும்பிப் பார்த்ததாகுமா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் மரக்கறிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மதாம் கீழ்ப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டு வருடப் பழக்கம், நல்ல மனுசி. என்னை நிறுத்தி, கோபிக்காதீர்கள், கேட்காமல் இருக்க முடியவில்லை என்றார்.

"உங்கள் வீட்டுக்காரர் இப்படி மெலிந்துபோகிறாரே. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லையா?"

நான் கல்யாணமே செய்யாதவள், பிள்ளைகளே.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதாம் துடைப்பத்தைச் சுவரோடு ஒதுக்கிப் பிடித்து, எனக்குப் பின்னால் பார்த்து, யாருக்கோ வழிவிட்டு மாலை வணக்கம் சொன்னார்.

"போன்ஸ்வார், மெசியோ."