நான்கில் இரண்டு

ஞாயிறு காலை 10.40.

நாமக்கல்லில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த இலக்கியாவின் போன் அடுத்தடுத்து இரண்டு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'இரண்டாவது டிஸ்க் காணவில்லை.' அதன் கீழே, 'நான்காவது டிஸ்க் காணவில்லை.'

பாயசம் ஊற்ற வந்தவரைக் கையால் தடுத்துவிட்டு எழுந்தாள்.

எருமப்பட்டிக்குக் கிழக்கே, தோட்டத்துக்குள் இருந்த அவர்கள் வீடு பூட்டியது பூட்டியபடியே இருந்தது. ஓடு கலையவில்லை, ஜன்னல் நெளியவில்லை. உள்ளே மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டி வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தது. முகப்பு மூடியைத் திறந்தாள். நான்கு பொந்துகளில் இரண்டில் பச்சை விளக்கு எரிந்தது. மற்ற இரண்டும் வெறும் பொந்து.

12.15. சப்-இன்ஸ்பெக்டர் வசந்தாமணி வந்து இறங்கினாள். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு முன்பே தெரியும். அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் இல்லை.

தீனதயாளனின் பண்ணையில் செத்து விழும் கோழிகளைச் சாக்கில் கட்டி, இலக்கியாவின் காட்டை ஒட்டிய பாழுங்கிணற்றில் கொட்டினார்கள். சுற்றியிருந்த வீடுகளின் போர்வெல் தண்ணீர் நாறியது. அதில் குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். போய்க் கேட்டபோது, "யாரு பாத்தது?" என்று சிரித்தார் தீனதயாளன். இலக்கியா கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்பவள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தவள், மோட்டார் ரூம் சுவரில் கிணற்றைப் பார்த்து ஒரு கேமராவை மாட்டினாள். அது எடுத்த படமெல்லாம் வீட்டுப் பெட்டிக்கு வந்து நான்கு டிஸ்க்கிலும் பிரிந்து பதிவானது. மாதக்கணக்கான படம். மறுநாள் திங்கட்கிழமை, ஊரார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுமேல் கோட்டாட்சியர் விசாரணை.

"வீட்டுச் சாவி எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"வெளிக் குளியலறை ஜன்னல் மேலதானுங்க மேடம். அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் தெரியும்."

"எடுத்தவங்க திரும்பப் பூட்டி, அதே இடத்துலயே வெச்சுட்டுப் போயிருக்காங்க. பெட்டி மூடியக்கூட மூடிட்டுப் போயிருக்காங்க."

"பண்ணைக்காரர் ஆளுங்க வேலைதான் மேடம்," என்றார் கூட வந்த ஏட்டு.

வசந்தாமணி குனிந்து வெறும் பொந்துகளைப் பார்த்தாள். பண்ணை ஆட்கள் என்றால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இல்லையென்றால் கடப்பாரையால் ஒரே போடு. வந்தவனோ பதமாக இரண்டை மட்டும் உருவியிருக்கிறான். ஒன்றும் இல்லை, நான்கும் இல்லை. ஏன் இரண்டு?

இன்னொன்றும் அவளுக்கு உறுத்தியது. இத்தனை மாத உழைப்பு போய்விட்டது, ஆனால் இலக்கியாவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நாளைக்கு விசாரணைக்குப் போவேனுங்க. வெறுங்கையோடயாவது போவேன்," என்றாள். பெட்டியின் சுவிட்சை மட்டும் யாரையும் தொட விடவில்லை.

காலையில் அந்தப் பக்கம் நடமாடியவர்கள் மூன்று பேர் என்று ஏட்டு விசாரித்துக்கொண்டு வந்தார்.

1.00. இலக்கியாவின் தம்பி இளவழகன். தீனதயாளனின் பண்ணைக்கே தீவன லாரி ஓட்டுபவன். தாலி கட்டி முடிந்ததும் மண்டபத்திலிருந்து கிளம்பிவிட்டான்.

"எங்க போனே?"

"லாரி டயர் மாத்தப் போனேனுங்க."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"பட்டறை லீவுங்க. நானேதான் கழட்டுனேன்."

"அக்காவ அடக்கி வெய்யுன்னு முதலாளி சொல்லலையா?"

"சொன்னாரு. வேலைய விட்டுத் தூக்கிருவேன்னாரு. தூக்குங்கன்னுட்டேன்."

"அந்தப் பெட்டி மேல உனக்கு என்ன கோவம்? ரெண்டு நாள் அக்காகூடப் பேசாம இருந்தியாமே, உங்கம்மா சொன்னாங்க."

அவன் முகம் தொங்கிப்போனது. "நான் சேத்து வெச்ச சினிமா அத்தனையும் அழிச்சுப்போட்டா மேடம். இடம் பத்தலையாம். அதே நாலு டிஸ்க்குதானுங்க, புதுசா ஒண்ணும் ஏத்தல. திடீர்னு இடம் எப்படிக் கொறையும்னு அப்பவே சண்ட போட்டேன். அதுக்கு அக்கா..." சட்டென்று அக்காவைப் பார்த்தான். பிறகு வாயைத் திறக்கவில்லை.

1.40. டிஸ்க்கும் கேமராவும் விற்ற கடைக்காரர் சபரிநாதன்.

"காலையில தீனதயாளன் பண்ணையில இருந்திருக்கீங்க."

"ஷெட்டுக் கேமரா ரிப்பேருங்க. அவருதான் எனக்குப் பெரிய கஸ்டமரு."

"அவரு கேட்டா இதையும் கழட்டிக் குடுப்பீங்க."

"கழட்டறதா இருந்தா மொதல்ல நெட் ஒயரப் புடுங்கியிருப்பேன் மேடம். டிஸ்க்கத் தொட்டா போனுக்கு மெசேஜ் போகற மாதிரி செட் பண்ணிக் குடுத்ததே நானுங்க."

"ரெண்டு டிஸ்க் இல்லாமப் படத்த மீட்க முடியுமா?"

சபரிநாதன் கொஞ்சம் தயங்கினார். "அதை இலக்கியாகிட்டயே கேட்டுக்கோங்க. அவங்க பெட்டி."

2.20. மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட பெரியவர் சுப்பையன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய தோட்டம். முழங்கால் வலி என்று கல்யாணத்துக்குப் போகவில்லை. கூப்பிடாமலே வந்து இலக்கியாவின் தலையைத் தடவினார்.

"அழுவாத சாமி," என்றார். அவள் அழுதுகொண்டிருக்கவில்லை.

பிறகு வசந்தாமணியின் பக்கம் திரும்பினார். "தை மாசம் இந்தப் பொட்டிய வெச்சப்ப எங்களையெல்லாம் உக்கார வெச்சுப் புள்ள சொல்லுச்சுங்க. நாலுல ஒண்ணு கெட்டா மத்த மூணும் சேந்து அதைத் திருப்பி எழுதிக்கும், ரெண்டு போச்சுன்னா மொத்தமும் போச்சுன்னு. அப்படியே ஆயிப்போச்சு பாருங்க. நாளைக்கு அங்க போயி எதைக் காட்டறது? மனுவ வாபஸ் வாங்கிக்கிட்டா மானமாச்சும் மிஞ்சும்."

"தை மாசம் இங்க யாரெல்லாம் இருந்தாங்க?"

"நானு, இளவழகன், கடைக்காரத் தம்பி, அவ்வளவுதானுங்க. அதுக்கப்பறம் நான் இந்த ஊட்டுப் பக்கம் வரவேயில்லீங்க. புதுசா ஷெட்டுப் போட்டிருக்கறேன், வேலை சரியா இருக்குது."

"கோழி ஷெட்டுங்களா?"

"ஆமாங்க, சின்னதுதான்."

3.00. எல்லாரையும் அனுப்பிவிட்டு வசந்தாமணி இலக்கியாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் தம்பி கேட்டதையே நானும் கேக்கறேன். அதே நாலு டிஸ்க். இடம் எங்க போச்சு?"

இலக்கியா எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார நம்பறதுன்னு தெரியாம இருந்தேனுங்க மேடம். அதான் தம்பியையும் சபரிநாதன் அண்ணனையும் போன்ல கூப்பிட்டு, எதையும் சொல்லாதீங்கன்னுட்டேன். சித்திரை வெயில்ல ஒரு டிஸ்க் படுத்துருச்சு. அண்ணன் புதுசு போட்டாரு. அதுல எல்லாம் திருப்பி எழுதி முடியற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல. அந்த நேரத்துல இன்னொண்ணு போயிருந்தா அத்தனையும் போயிருக்கும். அதனால மாத்தி அமைச்சேன். முன்ன ஒண்ணு போனாத்தான் தாங்கும். இப்ப எந்த ரெண்டு போனாலும் தாங்கும். ஆனா காப்புக்கு மட்டும் ரெண்டு டிஸ்க் இடம் போயிருது. அதுலதான் இவன் சினிமா போச்சு."

"அப்படின்னா படம் இருக்கு."

"எல்லாமே இருக்குங்க. ஆனா இன்னும் ஒண்ணு போச்சுன்னா முடிஞ்சுது. புது டிஸ்க் வந்து போடற வரைக்கும் எதையும் தொறந்து பாக்கக்கூடப் பயமா இருக்கு."

"கேமரா பதிவு எத்தனை மணிக்கு நின்னுச்சு?"

இலக்கியா புரியாமல் விழித்தாள். "நிக்கவே இல்லீங்களே. இப்பவும் ஓடுது."

வசந்தாமணியின் முதுகு நிமிர்ந்தது. "ஒரே ஒரு தடவ தொறந்து பாத்துருவோம். பத்து நாப்பதுல இருந்து போடு."

"அந்தக் கேமரா கிணத்தப் பாத்து இருக்குதுங்க மேடம். ஊட்டு வாசல் தெரியாது."

"தெரிய வேண்டாம். போடு."

5.30. மனுவில் கையெழுத்திட்டவர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். வாபஸ் வாங்குவதைப் பற்றிப் பேச சுப்பையன்தான் வரச் சொல்லியிருந்தார். சபரிநாதன் புது டிஸ்க்குகளோடு வந்திருந்தார். இளவழகன் கை கட்டி நின்றான்.

"வந்த ஆளு ஏன் ரெண்டே ரெண்டு எடுத்தாருன்னு காலையில இருந்து யோசிச்சேன்," என்று ஆரம்பித்தாள் வசந்தாமணி. "நாலையும் எடுத்தா பெட்டி நின்னுபோகும், ஊட்டுக்கு வந்ததுமே தெரிஞ்சிரும். ஒண்ண எடுத்தா படம் தப்பிச்சுக்கும். ரெண்ட உருவிட்டு மூடியச் சாத்திட்டா, பெட்டி உறுமிட்டே இருக்கும், படம் செத்திருக்கும், நாளைக்கு விசாரணையிலதான் இந்தப் பொண்ணு முழிக்கும். ஆக, கணக்குத் தெரிஞ்ச ஆளு. ஆனா அது தை மாசத்துக் கணக்கு. சித்திரையில இலக்கியா கணக்க மாத்திருச்சு. இப்ப ரெண்டு போனாலும் படம் தப்பிச்சுக்கும். தப்பிச்சும் இருக்கு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"மாத்துனது இளவழகனுக்குத் தெரியும். அதுக்காகத்தான் அவன் சினிமாவெல்லாம் போச்சு. சபரிநாதனுக்கும் தெரியும், புது டிஸ்க் போட்டவரு. அவரா இருந்தா நெட் ஒயரையும் விட்டிருக்க மாட்டாரு. பழைய கணக்கு மட்டும் தெரிஞ்சவரு ஒருத்தருதான். தை மாசம் வந்தாரு, அதுக்கப்பறம் இந்தப் பக்கமே வரலைன்னு அவரே சொன்னாரு."

எல்லாருடைய பார்வையும் சுப்பையன்மேல் போய் நின்றது.

"மனசுல பட்டதச் சொல்றீங்க," என்றார் அவர். "சாட்சி எங்கீங்க?"

"ரெண்டு டிஸ்க்க உருவுனதும் கேமரா குருடாயிருச்சுன்னு நெனச்சீங்க. அந்த நம்பிக்கையில அதுக்கு முன்னாடியே நடந்து போனீங்க."

இலக்கியா மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். திரையில் அந்தக் கிணறு. தோளில் துண்டோடு சுப்பையன் விறுவிறுவென்று வருகிறார். முழங்கால் வலி இருப்பதாகத் தெரியவில்லை. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இடுப்பிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துக் கிணற்றுக்குள் வீசுகிறார். அந்த நாற்றத்தில் யாரும் கைவிட்டுத் தேடமாட்டார்கள் என்ற தைரியம். திரையின் ஓரத்தில் நேரம்: 10.52.

"ஏட்டையா மத்தியானமே பாதாளக்கரண்டி போட்டு எடுத்துட்டாரு," என்றாள் வசந்தாமணி. "ரெண்டும் ஸ்டேஷன்ல காயுது."

"எதுக்குங்கய்யா?" என்று கேட்டது இலக்கியாவின் அம்மா பழனியம்மாள்.

பதிலை இலக்கியா சொன்னாள். "இத்தன நாளா பண்ணை வண்டிய மட்டுந்தான் தேடிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் மத்ததையும் பாத்தேன். போன மாசம் ஐயாவோட குட்டியானை டெம்போ வந்து அதே கிணத்துல சாக்கக் கொட்டுது."

சுப்பையன் தரையைப் பார்த்தபடி பேசினார். "கையெழுத்துப் போட்டப்ப எங்கிட்ட ஒரு கோழி இல்ல சாமி. அப்பறம் தீனதயாளனே குஞ்சும் தீவனமும் தந்து ஷெட்டுப் போடச் சொன்னான். செத்தத எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? அவன் வண்டியக் காட்டிக்கோ, வேண்டாங்கல. என்ற வண்டி வர்றத மட்டும் வெட்டி எடுத்துரு. ஊருக்குள்ள தலை நிமுந்து நடக்கோணும்."

இலக்கியா மடிக்கணினியை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்.

"எங்க போர்த்தண்ணிக்கு இது உங்க கோழி, இது அவரு கோழின்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்கய்யா."

வசந்தாமணி ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டாள். சுப்பையன் ஏறினார்.

திங்கள் காலை 11.00. கோட்டாட்சியர் அலுவலகத்தில் தீனதயாளன் வக்கீலோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆதாரம் திருடுபோனதாகக் கேள்வி என்று வக்கீல் தொடங்கினார். "கேள்விப்பட்டது பாதிதானுங்க சார்," என்று சொல்லிவிட்டு இலக்கியா படத்தை ஓட்டினாள். பண்ணை லாரி வந்தது. மறுபடி வந்தது. பிறகு குட்டியானை வந்தது. எதையும் அவள் வெட்டவில்லை. கிணற்றைத் தூர்வாரி மூடவும், அதுவரை ஊருக்குத் தண்ணீர் லாரி விடவும், செலவு முழுவதையும் கொட்டியவர்கள் ஏற்கவும் உத்தரவானது.

வராந்தாவில் தீனதயாளன் அவளை மறித்து நின்றார். வசந்தாமணி தூணோரம் நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"மேல அப்பீலு இருக்குது புள்ள. அதுவரைக்கும் அந்தப் பொட்டி தாங்கோணுமே? ஒரு இடி உழுந்தாப் போதும், நாலும் சேந்து போயிரும்."

"ஆமாங்க, போயிரும்," என்றாள் இலக்கியா. "அதான் ஊட்டுக்கு ஒரு நகல் போட்டுக் குடுத்துட்டேன். எத்தன ஊட்டுத் தண்ணி நாறுதோ அத்தன ஊட்லயும் இருக்குதுங்க. எந்த ஊட்ல இருந்து ஆரம்பிக்கறீங்க?"