சுவர்க்கோழிகள் அடங்கிய இடம்

எல்லோரும் அவளைப் ‘பூச்சி டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டுக்காக வளர்க்கும் பூச்சிகளுக்கு என்ன தீனி போடுவது, நோய் கண்டால் என்ன செய்வது என்று சொல்வது அவள் வேலை. கேலியெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தது.

அன்று மத்தியானம் போன பண்ணையில் கேலி பேச யாருக்கும் தெம்பில்லை. நீளமான தகரக் கொட்டகை. வாசலிலேயே புருஷனும் பெண்டாட்டியும் நின்றிருந்தார்கள்.

“கொத்துக் கொத்தா சாகுது மேடம்,” என்றான் அவன். “அக்கா இருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்ல.”

பண்ணையை ஆரம்பித்தவள் அந்த அக்காதான். மழை தொடங்கிய சமயம், இதே கொட்டகையில் தீனி வைத்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவேயில்லை.

அவன் வாசலைத் தாண்டவில்லை. மனைவிதான் உள்ளே கூட்டிப்போனாள்.

உள்ளே வெதுவெதுப்பு. தவிட்டு வாசனை, அதற்கடியில் ஏதோ ஒரு கசப்பு நாற்றம். இருபுறமும் பிளாஸ்டிக் பெட்டிகள். அவற்றில் அடுக்கிய முட்டை அட்டைகளுக்கு நடுவே சுவர்க்கோழிப் பூச்சிகள் காது அடைத்துப்போகும்படி பாடிக்கொண்டிருந்தன. டாக்டர் ஒரு பெட்டிக்குள் பார்த்தாள். வயிறு ஒட்டி, பசியில் ஒன்றையொன்று கடித்திருந்தன. தட்டில் தீனி தொடாமல் கிடந்தது.

அப்போது கடைக்கோடிப் பெட்டி அடங்கியது.

ஆள் நெருங்கினால் சுவர்க்கோழி பாட்டை நிறுத்திவிடும். அது அவளுக்குத் தெரியும். அங்கே ஆளே இல்லை.

அடுத்த பெட்டி அடங்கியது. பிறகு அதற்கடுத்தது. கடைக்கோடிப் பெட்டி மறுபடி பாடத் தொடங்கியது.

மௌனம் நடந்து வந்தது.

ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு, நிதானமாக.

மனைவி அவள் கையை இறுகப் பற்றினாள். “அசையாதீங்க. அண்ணி வராங்க, இவரோட அக்கா.”

“தினமுமா?”

“தீனி போட்டதும் வருவாங்க. அந்த மூட்டைங்ககிட்ட போய் நின்னுடுவாங்க.”

மௌனம் அவர்களைக் கடந்தபோது டாக்டரின் பின்கழுத்தில் ஈரக்காற்று பட்டது. மூலையில் அடுக்கியிருந்த தீனி மூட்டைகளுக்கு எதிரே அது நின்றது. அங்கேயே நின்றது.

டாக்டர் அந்தப் பிடியை விடுவித்துக்கொண்டாள். அந்த மூலைக்குப் போனாள். மூட்டைகளைப் புரட்டி, அடி மூட்டையைப் பிரித்தாள்.

கசப்பு நாற்றம் முகத்தில் அடித்தது. கூரை ஒழுகி நனைந்த தீனி கட்டிதட்டி, பச்சைப் பசேலென்று பூசணம் பூத்திருந்தது.

“ஐயோ, நான் மேலாப்புல காஞ்சதைத்தானே அள்ளிப் போட்டேன்!” என்றாள் மனைவி.

“மேல காஞ்சிருந்தாலும் விஷம் எல்லாத்துலயும் ஏறியிருக்கும்மா.”

மூட்டைகளை அன்றே எரித்தார்கள். பெட்டிகளைக் கழுவிக் காயவைத்தார்கள். தவிடு, சோயா மாவு, காய்ந்த கீரைத்தூள் கலந்து புதுத் தீனி; ஈரத்துக்குக் கேரட் துண்டு. கலவையை, அதுவரை வாசலைத் தாண்டாத தம்பியே உள்ளே சுமந்து வந்தான். மூலையில் நின்று தேம்பினான்.

“இனிமே நான் பாத்துக்கறேன்க்கா. நீ போ.”

அதன்பின் எந்தப் பெட்டியும் காரணமில்லாமல் அடங்கவில்லை.

அடுத்த ஈடு பூச்சிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. முதல் அறுவடையைப் பார்க்க டாக்டர் வந்தபோது தம்பியின் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“அக்கா நிம்மதியா போயிட்டா மேடம்,” என்றான். “பூச்சிங்களை நேத்தே பிடிச்சு உறைய வெச்சாச்சு. பாருங்க.”

உறைபெட்டியின் மூடியைத் தூக்கினான். பனிப்புகை விலகியது. தட்டு நிறைய, விறைத்து வெளுத்த சுவர்க்கோழிகள்.

நடுவில் ஓர் உள்ளங்கை பதிந்திருந்தது.

ஐந்து விரல்களும் தெளிவாக. அந்த அச்சுக்குள் மட்டும் பனி உருகியிருந்தது.

அதற்குள் இருந்தவை மட்டும் மெல்ல மீசையை அசைத்தன.