அறுபதாவது நிமிடம்

பல் துலக்கி முடித்ததும் டெல்பினா வழக்கம்போல இடது முழங்காலைச் சுவரில் செருகினாள். பிளக் பாயிண்டுக்குக் கீழே அதற்கென்றே ஒரு துளை. நேற்று ஓடிய ஓட்டமெல்லாம் மூன்று நிமிடத்தில் காலிலிருந்து வடிந்து, நாட்டிலுள்ள கல்லூரிகளுக்குப் போய்ச் சேரும். அதுவரை ஒற்றைக் காலில் நின்றபடியே இட்லியைப் பிட்டுப் பிட்டுத் தின்பாள். 2081-ல், காசிமேட்டில் பந்து உதைக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் காலை ஆறரைக்கு இதுதான் காட்சி.

"வலிக்குதாம்மா?" என்றார் அவள் அப்பா சூசை.

"ஆறு வருஷம் கழிச்சுக் கேக்குற. நல்ல அப்பாதான் நீ."

சூசை சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை இன்று மாலையோடு முடிகிறது. நான்கு கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று. அவள் பிளஸ் டூவில் வாங்கிய மார்க்குக்கு, அந்தக் கால்களை விட்டால் வேறு வழி கிடையாது.

கல்லூரிகள் மைதானத்துக்கு ஆள் அனுப்பி ஆட்டம் பார்ப்பதை நிறுத்தி நாற்பது வருடம் ஆகிவிட்டது. அரிசி அளவில் ஒரு முட்டுமணியைப் பன்னிரண்டு வயதில் முழங்காலில் பதித்துவிடுவார்கள். எப்படி ஓடினாள், எங்கே தயங்கினாள், பக்கத்தில் நின்றவர் சொன்ன எந்தச் சொல்லுக்கு நெஞ்சு படபடத்தது, எல்லாம் அதில் பதிவாகும். அதை வைத்துக் கணிப்பொறி ஒரு மெய்நிழலை வளர்க்கும். அதே பெண், அதே கால், அதே பிடிவாதம். மெய்நிழல் ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் ஆட்டம் ஆடும். அது ஜெயித்தால் இவளுக்கு சீட். சிபாரிசு கிடையாது, கண்துடைப்பு கிடையாது.

நான்கு கல்லூரிகளும் ஒரே வரியைத்தான் எழுதி அனுப்பியிருந்தன: 'முதல் அறுபது நிமிடம் அபாரம். அதன்பின் ஒன்றுமில்லை.'

பெண்ணுக்குத் தெம்பு போதவில்லை என்று சூசை நினைத்தார். தினம் ஐந்து முட்டை கொடுத்தார். கேழ்வரகுக் கூழை மிரட்டிக் குடிக்க வைத்தார். முட்டுமணியே கோளாறோ என்று அதையும் மாற்றிப் பார்த்தார். வேளாங்கண்ணிக்குப் போய் முட்டி தேய நடந்தார். வரி மாறவில்லை.

ஐந்தாவது கல்லூரி செங்கல்பட்டுக்கு அப்பால் இருந்தது. பயிற்சியாளர் யாழிசைக்கு ஐம்பது வயதிருக்கும். விசில் கழுத்திலேயே முளைத்ததுபோல் தொங்கியது. மகளோடு உள்ளே நுழைந்த சூசை கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை.

"மேடம், இது கடைசி வாசல். இதுவும் மூடிச்சுன்னா நான் எங்க போவேன்னு தெரியல."

"முதல்ல உட்காருங்க சார். மத்த இடத்துல ஆட்டத்தைக் காட்டினாங்களா?"

"லெட்டர்தான் வந்துச்சு."

"நாங்க காட்டுவோம்."

யாழிசை டெல்பினாவின் முழங்காலை ஒரு மேசையோடு இணைத்தார். மேசைமேல் கேரம்போர்டு அளவுக்குப் பச்சை மைதானம் எழுந்தது. கட்டைவிரல் உயரத்தில் இருபத்திரண்டு பெண்கள். பத்தாம் எண் சட்டையில் டெல்பினா.

மெய்நிழல் ஓடிய ஓட்டத்தில் சூசைக்கு மூச்சு முட்டியது. பதினோராவது நிமிடத்தில் ஒரு கோல். இடைவேளைக்கு முன் இன்னொன்று. ஐம்பத்தெட்டில் நான்கு பேரை ஏமாற்றிவிட்டு மூன்றாவது.

அறுபதாவது நிமிடம். கோட்டைத் தாண்டி ஒரு குட்டி ஆள் மைதானத்துக்குள் நடந்து வந்தான். அரைக்கைச் சட்டை, தோளில் புத்தகப் பை. நடுவரே ஒதுங்கி வழிவிட்டார். அவன் நேராகப் போய்ப் பத்தாம் எண்ணின் சட்டையைப் பிடித்தான், இழுத்துக்கொண்டு வெளியேறினான்.

"யார் மேடம் அந்த ஆளு? ஆட்டம் நடக்கும்போது உள்ள வர்றான்?"

யாழிசை டெல்பினாவைப் பார்த்தார். டெல்பினா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீதான்ப்பா."

சூசை குனிந்து பார்த்தார். தன் வழுக்கை. தன் நடை.

"நாலரைக்கு ஆட்டம் ஆரம்பிக்கும். அஞ்சே முக்காலுக்கு நீ வந்து நிப்ப. கெமிஸ்ட்ரி டியூஷன்னு சொல்லுவ. ரெண்டு வருஷமா ஒரு ஆட்டத்தையும் நான் முடிச்சதில்ல."

"பப்ளிக் எக்ஸாம் வருஷம்மா. எந்த அப்பன்தான் விடுவான்?" என்று முனகியவர், யாழிசை பக்கம் திரும்பினார். "அந்த ஆளை அழிச்சிடுங்க மேடம். அவன் வேணாம். அவன் இல்லாம ஒரு தடவை பாருங்க. உங்க கால்ல விழறேன்."

யாழிசை ஒரு பொத்தானைத் தொட்டார். குட்டி ஆள் மறைந்தான். ஆட்டம் முதலிலிருந்து ஓடியது.

இந்தமுறை பத்தாம் எண் நடந்தாள். பந்து வந்தால் பக்கத்தில் தட்டிவிட்டாள். சடையை அவிழ்த்துப் பின்னினாள். தொண்ணூறு நிமிடம், ஒரு கோல் இல்லை.

"புரியுதா சார்?" என்றார் யாழிசை. "அப்பா வந்துடுவார், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும்னு ஓடின பொண்ணு. நேரம் நிறைய இருக்குன்னா அவளுக்குக் கால் எழும்பல."

சூசை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இருந்தாலும் கெடுதி, இல்லாவிட்டாலும் கெடுதி. இப்படியொரு அப்பனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

யாழிசை குட்டி ஆளைத் திரும்ப வரவழைத்தார்.

"அறுபது நிமிஷத்துல மூணு கோல். எனக்கு அது போதும். மிச்ச முப்பது நிமிஷத்துக்கு வேற ஆளை இறக்கிக்கிறேன். ஒரு நிபந்தனை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீங்க வந்து கோட்டுக்கு வெளியே நிக்கணும். முறைச்சிக்கிட்டே."

"வர்றேன் மேடம். உசிரு இருக்கிற வரைக்கும் வர்றேன்." சூசையின் கன்னத்தில் நீர் வழிந்தது. டெல்பினா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் முதல்முறையாக அப்பாவும் மகளும் ஒரே பக்கம் நின்றார்கள்.

யாழிசை சேர்க்கை ஆணையை எடுத்தார். முத்திரையை மையில் ஒற்றினார். மேசையில் அடுத்த ஆட்டம் தானாகத் தொடங்கக் காத்திருந்தது. முழங்கால் இன்னும் இணைப்பிலேயே இருந்தது.

சூசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிய நிம்மதியில், மகளின் தலையைத் தடவியபடி மெதுவாகச் சொன்னார்:

"அப்பாடா. சீட்டு கிடைச்சாச்சு. இனிமே எதுக்குடி பந்து? மூட்டை கட்டி வெச்சிட்டு ஒழுங்காப் படி."

மேசையில் விசில் ஒலித்தது. யாரும் பந்தைத் தொடவில்லை. அதற்குள் கோட்டைத் தாண்டி அந்த அரைக்கைச் சட்டை உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது.

முத்திரை, காகிதத்துக்கு ஒரு விரல்கடை மேலே, யாழிசையின் கையில் அப்படியே நின்றது.