கடைசிக் காம்பராவில் ஆள் இருக்கிறது

மாதம் பிறந்துவிட்டது, கருப்பாயி இன்னும் பலகையைத் தட்டவில்லை. சுமித்ராவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். வாடகை கேட்க மறந்த கருப்பாயியை அவள் கண்டதே இல்லை. மாதம் பிறந்த அன்றைக்கே, வெளிச்சம் வருமுன் நடுப்பலகையில் கை முட்டியால் இடித்து, "என்னா, படுத்துக் கெடந்தா காசு வருமா?" என்று தொடங்குவாள். இப்போது மூன்று மாதப் பாக்கி. திட்டு லயம் முழுக்கக் கேட்க வேண்டிய நேரத்தில் பலகைக்கு அந்தப் பக்கம் இருமல்கூட இல்லை.

இரத்தினபுரிக்கு மேலே உள்ள அந்த றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பரா கருப்பாயியுடையது. உடையது என்று சொல்வதே தப்பு. தோட்டத்தில் பேர் இருக்கிற வரைக்கும்தான் காம்பரா. வேலைக்குப் போகும் ஆள் இல்லையென்றால் நிர்வாகம் பூட்டிவிடும். அப்படிப்பட்ட ஓர் அறையை நடுவில் பலகை அடித்துப் பிரித்து, முன்பாதியை வெளியாளுக்கு வாடகைக்கு விட்ட கெட்டிக்காரி அவள். பின்பாதியில் அவளும், அவள் மலையிலிருந்து திருடிச் சேர்த்த ஒட்டுப்பால் மூட்டைகளும். மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து போன றப்பர் பாலைத்தான் ஒட்டுப்பால் என்பார்கள். அது மூட்டைக்குள் புழுங்கினால் எழும் நாற்றம் துணியில் ஏறும், சோற்றில் ஏறும், தலைமுடியில் ஏறும். சுமித்ரா அதற்குப் பழகியிருந்தாள். பழகாமல் என்ன செய்வது? அவளுக்கு நிறைமாதம். கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போன புருஷன் கிருஷ்ணகுமார் காசும் அனுப்புவதில்லை, போனையும் எடுப்பதில்லை. பெற்றவர்கள் வீட்டுக் கதவு காதல் கல்யாணத்தன்றே அடைபட்டது. இந்தப் பாதிக் காம்பராவும் போனால் பிள்ளையை பஸ் ஸ்டாண்டில்தான் பெற வேண்டும்.

ஒரு கிழமையாக மழை தகரத்தை விட்டு நகரவில்லை. மழையென்றால் பால்வெட்டு இல்லை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டும் இல்லை. அதனால் கருப்பாயியைத் தேடி யாரும் வரவில்லை. பக்கத்துக் காம்பராவும் மரம் விழுந்து கூரை போனதிலிருந்து காலி. பகலிலும் விளக்குப் போட வேண்டிய அந்த இருட்டில், ஈரப் பலகையும் அணைந்த அடுப்பும் நனைந்த துணியும் கலந்த வாடைக்கு நடுவே, சுமித்ராவின் மூக்கு வேறொன்றைப் பிடித்தது. ஒட்டுப்பால் நாற்றம்தான். ஆனால் அதற்குள் பழுத்து வெடித்த பலாப்பழத்தைப் புதைத்து வைத்தது போல ஒரு தித்திப்பு.

வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எல்லாமே நாறும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மறுநாள் ஈக்கள் வந்தன. பலகை இடுக்குகளிலிருந்து கொழுத்த, மந்தமான ஈக்கள். விரட்டினாலும் பறக்காமல் சோற்றுப் பானையின் விளிம்பில் நடந்தன.

பலகையில் ஒரு கண் அளவு ஓட்டை இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

கருப்பாயி மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தாள். கால் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. முகத்தில் ஏதோ வெள்ளையாக நெளிந்தது.

சுமித்ரா வாசலுக்கு ஓடிப்போய் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளித்து நிமிர்ந்தபோது மனதில் முதலில் வந்த நினைப்பு, இனி வாடகை கேட்க ஆளில்லை என்பதுதான். சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. அடுத்து வந்ததுதான் பயம். வெளியே சொன்னால் பிணம் போகும். பிணத்தின் பின்னாலேயே காம்பராவுக்குப் பூட்டு வரும்.

அவள் சொல்லவில்லை. ஓட்டையில் கந்தல் துணியைத் திணித்தாள். சாம்பிராணி போட்டாள். பலகைக்கு அடியிலிருந்து பழுப்பாக, பிசுபிசுவென்று தண்ணீர் ஊறி அவள் பாயின் ஓரத்தைத் தொட்டபோது, பாயை இழுத்துக்கொண்டு அதன் மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டினாள். பிள்ளை பிறக்கட்டும், பச்சை உடம்பு தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம். இப்படியே நாட்கள் போயின.

ஒரு நாள் விடியுமுன் மழை விட்டது. அன்று பின்னேரமே கணக்கப்பிள்ளை கன்னையா குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"கருப்பாயி எங்க புள்ள? காலைல பெரட்டுக்கு வரலியே."

"காச்சலுங்கய்யா. படுத்திருக்காங்க."

"என்னா நாத்தம் இது?"

"ஒட்டுப்பாலுங்க."

"திருட்டுப் பொம்பள." அவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். "இந்தக் காம்பராவுல தோட்டத்து ஆளு இருக்கான்னு தொரை பாத்துட்டு வரச் சொன்னாரு. இல்லாட்டி இன்னைக்கே பூட்டணும். கூப்புடு, மூஞ்சியப் பாத்துட்டுப் போயிர்றேன்."

அவர் காத்திருக்கவில்லை. பின்பாதியின் பக்கக் கதவை குடைப் பிடியால் தட்டினார்.

சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

உள்ளே சாக்கு சரசரத்தது. எதையோ தரையோடு இழுப்பது போல. நின்றது. மறுபடி இழுபட்டது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டிலிருந்து நான்கு விரல்கள் வந்து கதவின் ஓரத்தைப் பிடித்தன. நகங்கள் இல்லை.

"நாளைக்கு... வர்றேங்கய்யா."

ஈக்கள் கும்பலாக வெளியே வந்தன. கன்னையா அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கியிருந்தார். "சரி, சரி. நாளைக்கு பெரட்டுல நிக்கணும். இல்லாட்டி ரெண்டு பேரும் வெளிய!"

சுமித்ரா துணிகளைப் பையில் அடைத்தாள். பிறகு அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கே போவது? யார் கதவைத் திறப்பார்கள்?

பலகை தட்டப்பட்டது.

"புள்ள."

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளன எழுப்பி விடு."

கிழக்கு வெளுத்தது. பெரட்டுக்குக் கூப்பிடும் சங்கு ஊதியது. சுமித்ரா வாளியில் தண்ணீரும் சீப்பும் எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டி, பக்கக் கதவைத் தள்ளினாள்.

கருப்பாயியின் முகத்தைத் துடைத்தாள். துணியோடு தோலும் வந்தது. தலை வாரினாள். முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் நின்றது. மிச்சத்தை ஒரு துண்டால் மூடிக் கட்டினாள். வேலைக்குக் கட்டும் சாக்கை இடுப்பில் சுற்றி முடிச்சை இறுக்கியபோது அந்த வயிற்றுக்குள்ளிருந்து பொளக்கென்று ஏதோ கசிந்து அவள் கை மேல் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கையை உதறினாள். மறுபடி கட்டினாள்.

"பெரியம்மா. எந்திரிங்க. நேரமாச்சு."

கருப்பாயி எழுந்தாள்.

பாதை முழுக்க அவள் பாரம் சுமித்ராவின் தோளில். ஒவ்வோர் எட்டுக்கும் சதை நழுவியது. பிடி நழுவவில்லை.

பெரட்டுக் களத்தில் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். கன்னையா தூரத்தில் நின்று, தலை நிமிராமல் பேர் வாசித்தார்.

"கருப்பாயி."

கருப்பாயியின் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது. தாடை ஒரு பக்கமாகக் கழன்று நெஞ்சு வரை தொங்கியது. உள்ளே நாக்கு இருந்த இடம் முழுக்கப் புழுக்கள்.

"கருப்பாயி! இருக்கியா இல்லியா?"

பேனா கோடு போடக் காத்திருந்தது. பேர் மேல் ஒரு கோடு விழுந்தால் காம்பரா போய்விடும்.

சுமித்ரா கையை நீட்டினாள். அந்த வாய்க்குள் விரல்களை விட்டு, தாடையைப் பிடித்துத் தூக்கினாள். குளிர்ந்த, கொழகொழத்த, உயிரோடு நெளிகிற ஒன்று விரலிடுக்குகளில் ஏறியது.

"இருக்கேங்க" என்றது வாய்.

கன்னையா முழுநாள் பேர் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பற்கள் சுமித்ராவின் விரல்கள் மேல் மெல்ல மூடின. இறுகின. எலும்பில் பட்டன. அவள் கத்தவில்லை. எல்லோருடைய பேரையும் வாசித்து முடிக்கும் வரை, கையை அந்த வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.