பென்சிலில் எழுதிய காரணம்

"பென்சில்ல எழுதினா வாங்க மாட்டாங்க."

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கல்லூரிச் சேர்க்கைக் கூடத்துப் பெஞ்சில், ஒரு முழம் தள்ளி ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். மழையில் நனைந்த தலை... அதன் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

"அடுத்தவங்க ஃபாரத்தை எட்டிப் பாக்கற பழக்கம் எத்தனை நாளா?"

"இப்பத்தான்... ரெண்டு நிமிஷமா."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்தப் பிரிவு என்று கேட்ட இடத்தில் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று பென்சிலால்தான் எழுதியிருந்தாள். மனசு மாறினால் அழிக்க வசதி. சயின்ஸா, இன்ஜினியரிங்கா என்று ஒரு மாதமாக வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கியவள் அல்லவா!

"சயின்ஸ்னா புரோகிராம் எழுதி எழுதியே தேஞ்சு போவீங்க. மெஷினைத் திறந்து பாக்கணும்னா இன்ஜினியரிங்தான்" என்றான் அவன்.

"உங்க இன்ஜினியரிங்ல திறந்து போட்டுட்டு, மூடத் தெரியாம முழிப்பீங்களாக்கும்!"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்க்க அவள் கொண்டு வந்திருந்த கால்குலேட்டர் மடியில் உயிரில்லாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"இப்படிக் கொடுங்க. கூடவே ஒரு ஹேர்பின்."

என்ன தைரியம்... என்று நினைத்துக்கொண்டே தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள். அவன் பின்மூடியை நெம்பி, பேட்டரி உட்காரும் சுருள் கம்பியில் படிந்திருந்த துருவைச் சுரண்டி, பழையபடி மூடினான். திரையில் சைபர் எழுந்து நின்றது.

"பாத்தீங்களா? மூடவும் தெரியும்."

அந்தக் கண்களை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கக் கூடாதுதான். வெளியே மழை வலுத்தது. அதற்குள் அவன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஹேர்பின்னோடு எழுந்து போனவன், இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

அவள் ரப்பரை எடுத்தாள். சயின்ஸை அழித்தாள். பேனாவால், அழுத்தமாக, 'கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்' என்று எழுதினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கும் ஆசைதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதில் பாதி நிஜம்.

முதல் நாள் வகுப்பில் அவனைத் தேடினாள். இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஜன்னல் வழியே பார்த்தால்... முற்றத்துக்கு அந்தப் பக்கம், சயின்ஸ் வகுப்பில், ஜாம் ஜாமென்று உட்கார்ந்திருக்கிறான்!

"பேச்சு பூரா இன்ஜினியரிங், சேர்ந்தது சயின்ஸ்! என்னைக் கிண்டல் பண்ணிட்டுப் போயிருக்கான்க்கா" என்று வீட்டில் பொருமினாள்.

"நீ சப்ஜெக்டைத் தேர்ந்தெடுத்தியா, அந்த ஹேர்பின்காரனைத் தேர்ந்தெடுத்தியா?" என்றாள் அக்கா.

அவள் விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு மழை நாளில் மாடிப்படியில் எதிர்ப்பட்டான். "நீங்க..." என்று ஆரம்பித்தான். வீம்பு முந்திக்கொண்டது. "சயின்ஸ்காரங்களோட எனக்கென்ன பேச்சு?" என்று விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். அவன் முகம் வாடியதைப் பார்த்தாள். பார்த்தும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எதிரே வரவேயில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு மிஞ்சியது அந்த ஜன்னல்தான். அவன் நெற்றியைத் தேய்த்தால், விடை வரவில்லை என்று தெரியும். அவன் பெஞ்ச் காலியாக இருந்தால், சாப்பாடு இறங்காது. ஒருநாள் சர்க்யூட் பலகையில் சால்டரிங் செய்யும்போது முற்றத்தைப் பார்த்தபடி விரலைச் சுட்டுக்கொண்டாள். அந்தக் காந்தலைவிட அவன் இந்தப் பக்கம் திரும்பாததுதான் எரிந்தது. போதும்டா சாமி... என்று இருந்தது.

ஆண்டுக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் தொங்கியது. பிரிவு மாற விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்கலாம். முதலும் கடைசியுமான வாய்ப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குப் போனாள். சயின்ஸுக்கு மாறி, அவன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை... அவ்வளவுதான் ஆசை.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நல்லவேளை, நீ வந்தேம்மா. அந்தப் பக்கம் இடமே இல்லை. அங்கேருந்து ஒருத்தர் கிளம்பினாத்தான் இங்கேருந்து ஒருத்தர் போகலாம். இதோ, இந்தத் தம்பி இப்பத்தான் இன்ஜினியரிங்குக்குக் கேட்டு வந்திருக்கு. ரெண்டு பேரையும் மாத்திப் போட்டுடலாம்."

தூணோரம் அவன் நின்றிருந்தான்.

இவன் இங்கே வர, நான் அங்கே போக... மறுபடியும் எதிரெதிர் ஜன்னலா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ரெண்டு பேரும் காரணம் எழுதலையே? எழுதிக் கொடுங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவேன்." அந்த அம்மாள் இரண்டு தாளையும் வெளியே தள்ளினார்.

"இன்ஜினியரிங்தான் உங்க உயிராச்சே. அன்னைக்கு ஏன் சயின்ஸ்ல சேர்ந்தீங்க?" என்று கேட்டாள்.

"நீங்க பென்சில்ல சயின்ஸ்னு எழுதியிருந்தீங்களே... அதைப் பாத்துட்டுத்தான்."

"அதை நான் அழிச்சிட்டேனே!"

"என் தொல்லை தாங்காமத்தான் அழிச்சீங்கன்னு ஒரு வருஷமா நெனைச்சிட்டிருக்கேன்."

"உங்களோட ஒரே வகுப்புல உக்காரணும்னு அழிச்சேன்... மக்கு!"

அவன் கண்கள் ததும்பின. மெல்லச் சட்டைப் பையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நீட்டினான்.

"அன்னைக்கே கொடுத்திருக்கணும்... மனசு வரலை."

அவள் வாங்கவில்லை. "நீங்களே வச்சுக்குங்க... ஒண்ணு கேட்டா நிஜம் சொல்லணும். சயின்ஸ் பிடிக்கலையா?"

"பிடிச்சுப் போச்சு... அதான் கொடுமை. நீங்க இன்ஜினியரிங்ல இருக்கீங்கன்னுதான் மாறக் கேட்டு வந்தேன். உங்களுக்கு?"

சுட்ட விரலைப் பார்த்தாள். சுட்டுக்கொண்ட அன்று கடைசியில் அந்தச் சர்க்யூட் பலகையில் விளக்கு எரிந்தபோது வகுப்பில் துள்ளிக் குதித்தது ஞாபகம் வந்தது. "எனக்கும் என்னோடது பிடிச்சிருக்கு. நான் மாறலை. நீங்களும் மாறாதீங்க."

"அப்போ... நாம?"

அவள் தன் விண்ணப்பத்தைத் தூணில் வைத்து, காரணம் என்ற இடத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதி அவனிடம் நீட்டினாள். 'நீங்கதான்.'

"பென்சில்ல எழுதினா வாங்க மாட்டாங்க..." என்றான்.

"வாங்க வேண்டியது ஆபீஸ் இல்லையே."

அவன் பேனாவை எடுத்தான். அவள் எழுதிய எழுத்துகளின் மேலேயே, ஒன்று விடாமல், நிதானமாக எழுதினான்.