இடது தோளுக்கு மேலே

புதுச்சேரி ஊசுட்டேரியில் எடுத்த படங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்துவிட்டு, சென்னைப் பத்திரிகை ஆசிரியர் கேட்டார்: "பறவைங்கள எதுக்கு சார் மிரட்டினீங்க?"

ஜானகிராமனுக்கு எரிச்சல் வந்தது. விடிவதற்குள் சைக்கிளில் போய், கோரைக்குள் மூச்சடக்கி உட்கார்ந்து எடுத்த படங்கள். ஆனாலும் அவர் சொன்னது பொய்யில்லை. நாரை, கொக்கு, நீர்க்காகம், எல்லாமே கழுத்தை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்த்தன. லென்ஸை அல்ல. அவனுடைய இடது தோளுக்குச் சற்று மேலே.

"இயல்பா இருந்தா கொண்டாங்க," என்று கவரைத் திருப்பித் தந்தார்.

பஞ்சாலை வேலையை உதறிவிட்டுக் கேமராவைத் தூக்கியவன். எழுபத்தெட்டாம் வருஷம் முழுக்க, ஏறிய பத்திரிகை ஆபீஸில் எல்லாம் இதே பதில்தான். இடத்தை மாற்றினான். சட்டை நிறத்தைக்கூட மாற்றினான். முதலியார்பேட்டை வீட்டின் பின்னறையில், ஜன்னலில் கறுப்புத்துணி அடித்து, சிவப்பு விளக்கின் கீழ் படம் கழுவும்போது, மருந்து நெடிக்கு அடியிலிருந்து ஏரிச்சேற்றின் வாடை மெல்ல எழும். தட்டில் மிதக்கும் தாளில் முதலில் கறுப்பாகக் கண்கள்தான் தெரியும், அப்புறம்தான் இறகும் தண்ணீரும் ஏரிக்கரையும். அத்தனை கண்களும் அவனைத் தாண்டிப் பார்க்கும். திரும்புவான். சுவர்தான்.

ஒரு காலை, ஏரியிலேயே சட்டென்று திரும்பிப் பார்த்தான். ஆளில்லை. முதுகுக்குப் பின்னால் கோரை மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்த அளவுக்கு மடங்கிக் கிடந்தது. அது மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.

அதன்பிறகு அவன் ஏரிப்பக்கம் போகவில்லை.

"இனிமே கல்யாணம், காதுகுத்துதான்," என்றான் மனைவியிடம், கசப்போடு.

"போவட்டும் வுடுங்க," என்றாள் அமிர்தவல்லி. "ஊர்ல இருக்கற கொக்கெல்லாம் எடுத்தீங்க. பெத்த பொண்ண ஒரு படம் எடுக்கல."

மறுநாள் மதியம், முற்றத்து வெயிலில் பாய் விரித்துக் குழந்தை கமலாவை உட்கார வைத்துவிட்டு அவள் கிணற்றடிக்குப் போனாள். இன்னும் நிற்கப் பழகாத குழந்தை. ஜானகிராமன் மண்டியிட்டுக் கேமராவில் கண்ணை வைத்தான்.

"பாப்பா, அப்பாவப் பாரு."

குழந்தை பார்த்தது. அவனை அல்ல. சற்று மேலே.

முதலில் கோபம்தான் வந்தது. "இங்க பாருன்னு சொல்றேன்ல."

குழந்தை சிரித்தது. யாரோ முகம் காட்டி விளையாடுவதுபோலத் தலையைச் சாய்த்தது.

காதருகே சேற்று வாடை. ஈரமாக ஏதோ தோளை உரசியது. அவனைக் கடந்தது. குழந்தையின் பார்வை மெதுவாக இறங்கி, இருவருக்கும் நடுவில் வந்து நின்றது.

முற்றத்தில் வெயில். வேறொன்றுமில்லை.

கேமராவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

கமலா இரண்டு கைகளையும் நீட்டினாள், தூக்கச் சொல்லி.

அவளது அக்குளடியில் சட்டை சுருங்கியது. பிஞ்சுக் கால்கள் பாயைவிட்டு எழும்பின.